ஈரம் காயாத மலை

அத்தையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அப்பா வீட்டுக்கு வெள்ளையடித்தார். அத்தை அப்பாவின் தங்கை. அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில், பிரிண்டிங் செக்‌ஷனில் வேலை. மாப்பிள்ளை வீட்டார் தரகரிடம் ஒன்று சொல்லியனுப்பியிருந்தார்கள்: கல்யாணத்துக்குப் பிறகு கம்பெனி வாசலை மிதிக்கக் கூடாது. அப்பா சரியென்று சொல்லிவிட்டார். அத்தையிடம் யாரும் கேட்கவில்லை. வேலையை விட மாட்டேன் என்று அம்மாவிடம் அழுதாள்; சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள். பிறகு ஒரு நாள், "அண்ணா, செவுரு மொட்டையாத் தெரியுதுங்க. ஒரு படம் வரையட்டுங்களா?" என்றாள். தங்கை மனம் மாறிவிட்டாள் என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

கம்பெனி மாஸ்டரிடம் கேட்டு, பனியனில் பிரிண்ட் அடித்து மிஞ்சிய மையைக் கொண்டுவந்தாள். வெளிநாட்டு ஆர்டர் பனியன் ஒன்றைப் பார்த்து வரைந்தாள். நீல மலை, கீழே ஏரி, கரையெல்லாம் சிவப்பும் ஆரஞ்சுமாக மரங்கள்.

"மரமெல்லாம் தீப்பிடிச்சிருச்சா அத்தை?"

"அந்த ஊருல குளிர் வர்றதுக்கு முன்னால எலையெல்லாம் இப்பிடித்தான் ஆகுமாம். தொடாத கண்ணு."

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அத்தையே படத்தின் அடியில் பாயை விரித்தாள். மாப்பிள்ளையின் அப்பா வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து, வசதியாகச் சாய்ந்துகொண்டார். காபி வாங்க அவர் முன்னால் குனிந்தபோது அம்மா "ஐயோ" என்றாள். அவர் முதுகில் மலையும் ஏரியும் இடம் வலம் மாறி அப்படியே இறங்கியிருந்தன.

தரகர் சமாளிக்கப் பார்த்தார். "கொடைக்கானலே முதுகுல ஏறிருச்சுங்க!"

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "நல்ல காரியத்துக்குப் பழுத்த எலைய வரைஞ்சு வெப்பாங்களாக்கும்? சகுனமே சரியில்லீங்க."

பஜ்ஜி ஆறுவதற்குள் அவர்கள் கார் கிளம்பிவிட்டது.

அப்பா திட்டித் தீர்த்தார். அத்தை தலை குனிந்தே நின்றாள். எனக்குத்தான் அழுகை வந்தது. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம், கலைந்த மரங்களுக்கெல்லாம் அத்தை மறுபடியும் இலை வைத்தாள். பிறகு மேலே ஒரு பேப்பரை வைத்து, துணி தேய்ப்பதுபோல அயர்ன் பாக்ஸால் சுவரைத் தேய்த்தாள். சூடு காட்டினால்தான் அந்த மை காயுமாம். தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டவில்லை.

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாமில்ல அத்தை?"

"மறந்தே போயிட்டேன் கண்ணு."

கம்பெனியில் பனியன்களுக்குச் சூடு காட்டிக் காயவைப்பதுதான் அவளுக்கு அன்றாட வேலை. பாவம், இந்த வயதிலேயே அத்தைக்கு இப்படி மறதி வந்துவிட்டதே என்று அன்று படுக்கும் முன் முருகனிடம் வேண்டிக்கொண்டேன்.