போன் சொன்ன மாங்காய்

கரங்கான் என்ற ஊரில் வாடகை வீட்டுக்குக் குடிவந்த மூன்றாம் நாள். வாசல் மரத்தில் பச்சைக் காய்கள் தொங்கின. ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மகளுக்குப் புளிப்பின்மேல் ஆசை. படமெடுத்துத் தேடினேன், போன் மாங்காய் என்றது.

நறுக்கியதும் வெள்ளையாய்ப் பால் வடிந்தது. நான் தயங்கினேன்.

"மாங்காப் பாலுதான் லா, கழுவிக் குடுங்கம்மா" என்றாள் மகள். உப்பு தூவிக் கொடுத்தேன்.

ஒரு துண்டை அவள் வாயருகே கொண்டுபோனபோது, பக்கத்து வீட்டுச் சரசா அக்கா வேலியோரம் நின்று கத்தினார்: "ஐயோ, கீழ போடும்மா! அது மாங்கா இல்ல, போங்-போங் காய், கொட்டையெல்லாம் விஷம்!"

மகளின் கையைத் தட்டிவிட்டேன்; துண்டு கடிபடாமலே கீழே விழுந்தது. அவள் வயிற்றை அணைத்துப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

இப்போதெல்லாம் தெரியாத காயை, அக்கம்பக்கத்தில் கேட்காமல் பறிப்பதில்லை. அந்தப் படத்தை நேற்றும் போனில் தேடிப் பார்த்தேன். இன்னும் மாங்காய் என்றுதான் சொல்கிறது.