காப்புக் கட்டிய கையோடு

எனக்கு முன்கோபம் அதிகம், அவசரமும் அதிகம். தம்பிக்காகத் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டதும் அந்த அவசரத்தில்தான்.

அவன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து, ஐந்து மாதம் சென்னையில் மருந்து ஏற்றியதில் நோய் அடங்கியிருந்தது. "வயசு சின்னது, அக்காவோட ஸ்டெம் செல் முழுசாப் பொருந்துது. எல்லாம் நமக்குச் சாதகமா இருக்கு. ஆனா நோய் திரும்பி வர்றதுக்குள்ள மாத்திடணும்" என்றார் டாக்டரம்மா. பெட் காலியானதும் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். தம்பி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ரூம் எடுத்துத் தங்கிக்கொண்டான். எப்படியும் ஒரு மாதம் ஆகும் என்று நானாக நினைத்துக்கொண்டு, ஊர் அம்மன் திருவிழாவில் மஞ்சள் கயிற்றைக் கையில் காப்பாகக் கட்டிக்கொண்டேன். காப்புக் கட்டியவர் பத்தாம் நாள் தீ மிதித்து முடிக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

மூன்றாம் நாளே போன் வந்தது. நாளை மறுநாள் வந்து சேர வேண்டும், செல்களை எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்குள் வரவழைக்க மறுநாளிலிருந்து எனக்கு ஐந்து நாள் ஊசி போட வேண்டும் என்றார்கள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவனுக்காகக் கட்டிய கயிறு அவனிடம் போகவிடாமல் என்னைப் பிடித்து வைத்திருந்தது.

"அந்த பெட்ட வேற யாருக்காவது குடுக்கச் சொல்லுக்கா" என்றான் தம்பி போனில். "கொஞ்ச நாள்ல இன்னா ஆயிடப் போவுது? எனக்கோசரம் சாமி குத்தம் வேணாம்."

"வாய மூட்றா" என்று போனை வைத்துவிட்டு அழுதேன்.

பூசாரியிடம் போனேன். "நடுவுல அவுத்தா ஊருக்கே ஆவாதேம்மா" என்று அவரும் தலையைச் சொறிந்தார். கத்தரிக்கோலைக் கொடுங்கள், நானே அறுத்துக்கொள்கிறேன் என்று கத்தினேன். என் பின்னாலேயே வந்திருந்த அம்மா முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"எங்கைல மாத்திக் கட்டு சாமி. பெத்தவ நானு, நான் மிதிக்கிறேன்."

"உனக்கு சுகர் கீதும்மா, புண்ணு வந்தா ஆறாது. அவனப் பாக்கவும் வர முடியாது" என்றேன்.

"நான் வந்து இன்னா பண்ணப் போறேன்? அவனுக்கு வேண்டியது உன் ஒடம்புல கீது. நீ கெளம்பு."

அந்த ஐந்து மாதமும் அவன் வாந்தியைக் கையில் ஏந்தியவள் அவள்தான். பூசாரி கயிற்றை மாற்றிக் கட்டினார். தம்பியிடம் காப்பை அவிழ்த்தாயிற்று என்று மட்டும் சொன்னோம். அம்மா ஏன் வரவில்லை என்றதற்கு மூட்டுவலி என்றேன்.

ஊசியில் எலும்பெல்லாம் குடைந்தது. கடைசி நாள் ஒரு கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குப் போய் மறு கையில் திரும்பி வந்தது, செல்கள் மட்டும் ஒரு சின்னப் பையில் சேர்ந்தன. அன்று மாலை தம்பிக்கு அது ஏறிக்கொண்டிருந்தபோது, ஊரில் அம்மா தீயில் இறங்கினாள். செல்கள் வேர்பிடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை ஒரு சளிகூட அவனைச் சாய்த்துவிடும் என்றார்கள். வேர்பிடித்தன, இப்போது மறுபடி வேன் ஓட்டுகிறான். ஆனால் அந்த வாரங்களில் எங்களுக்கு உயிரே இல்லை.

தீ மிதித்த நான்காம் நாள் அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். காலில் கட்டுப் போட்டிருந்ததைப் பார்த்ததும் நர்ஸ் தடுத்துவிட்டார். "புண்ணு இருக்கறவங்க உள்ள போகக் கூடாதும்மா." அம்மா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, மொட்டைத் தலையோடு படுத்திருந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் உள்ளிருந்து போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தேன்.

"இன்னாமா, நொண்டிக்கினு வர?"

"முள்ளு குத்திச்சிடா. சாப்ட்டியா?"

அவன் எழுந்து உட்கார்ந்து, கண்ணாடி வழியாக அவள் காலையே பார்த்தான்.

"வாட்ஸப்ல வீடியோ பாத்தேம்மா. எல்லாரும் ஓட்றாங்க. நீ மட்டும் ஏம்மா நெருப்புல மெதுவா நடந்த?"

அம்மா கண்ணாடியில் கையை வைத்தாள்.

"ஓடுனா ஆத்தா ஏத்துக்க மாட்டாளோன்னு பயமா இருந்துச்சிடா."