நடுக்கானை மூடிய நிஷாந்தினி

வெலிமடை பஸ்ஸில் பக்கத்தில் வந்து நின்ற ஒரு பெண், கேட்காமலே என் மடியில் வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ் கட்டு ஒன்றை வைத்தார். "கொஞ்சம் புடிச்சுக்கங்க தம்பி, கீழ வச்சா மிதிச்சிருவாங்க." இறங்கும் வரை அந்தக் கட்டும் அவர் கதையும் என்னிடம் இருந்தன. கதை பாதியில் நின்றது. மீதியைக் கேட்பதற்காக ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கும் அவர்கள் தோட்டத்துக்கு மூன்று தடவை ஏறிப்போனேன்.

அவர் பெயர் நிஷாந்தினி. வயது நாற்பது. கணவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிற்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். தேயிலை கைவிடப்பட்டு மானாப்புல் மண்டிக்கிடந்த ஒன்றரை ஏக்கர் சரிவை முதலில் வெட்டித் துப்புரவாக்கி போஞ்சிக் கொடி நட்டவர், நிஷாந்தினியின் அம்மா கருப்பம்மாவின் தாய். அவர் காலத்துக்குப் பிறகு அது கருப்பம்மாவின் கைக்கு வந்தது. இன்று கருப்பம்மா, நிஷாந்தினி, அவர் மகள் கோபிகா என்று மூன்று பெண்கள் அதைப் பார்க்கிறார்கள்.

2014இல் மீரியபெத்த தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடிய காலையில் கருப்பம்மா பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போயிருந்தார். அதனால் பிழைத்தார். லயத்து வரிசை வீட்டுக்குள் இருந்த கணவரும் தங்கையும் பிழைக்கவில்லை. தாயின் நிலத்துக்குத் திரும்பி வந்தவர் ஒரு வருஷம் யாரோடும் பேசாமல் கரட் பாத்திகளில் களை பிடுங்கிக்கொண்டே இருந்தார்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. பண்டாரவளையில் தையல் படித்த கோபிகா, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் பழைய படங்குகளைத் துவைத்து விரித்து, கலர் நூலோடு அம்மாயி கருப்பம்மாவிடம் கொடுத்தாள். அக்கம்பக்கத்தில் அதே மண்ணுக்கு ஆட்களைக் கொடுத்த பெண்களும் ஒவ்வொருவராகத் தோட்டத்தின் அடியில் இருக்கும் தகரக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி தன் அடுப்படித் தட்டைத் தைத்தாள், இன்னொருத்தி தன் ஆட்டைத் தைத்தாள். தைக்கும்போது அழுதால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கருப்பம்மா வாராவாரம் தன் லயத்துக் கதவைத் தைப்பார். முடிந்ததும் நூலைப் பிரித்துவிடுவார்.

நிஷாந்தினிக்குத் தைப்பதில் பொறுமை கிடையாது. அவர் கண் முழுக்கப் பாத்தியில்தான். போன ஆவணியில் பண்டாரவளை மரக்கறி வியாபாரி ஸமீம், லீக்ஸ் கூடுதலாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இடம் பற்றவில்லை. சரிவின் குறுக்கே, தேயிலைக் காலத்தில் வெட்டிய கான்கள் மூன்று ஓடின. மழைத் தண்ணீரை வாங்கிப் பக்கவாட்டில் கொண்டுபோய் ஓடையில் விடுவது அவற்றின் வேலை. நடுக்கான் அந்த வருஷம் முழுக்கக் காய்ந்தே கிடந்தது. கருப்பம்மா கோயில் காரியமாகக் கதிர்காமம் போயிருந்த மூன்று நாளில் நிஷாந்தினி அதை மண் போட்டு மூடி, மட்டம் செய்து, இரண்டு பாத்தி லீக்ஸ் நட்டுவிட்டார். திரும்பி வந்த அம்மா நாற்றைப் பார்த்தார்; அடியில் இருந்ததைப் பார்க்கவில்லை. மகளும் சொல்லவில்லை.

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் ஊற்றியது. ஐந்தாம் நாள் ஞாயிறு. காலையில் மழை விட்டிருந்தது. கொட்டகையில் எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்தின் அடிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்த கருப்பம்மா மகளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கீழ்க்கானு காஞ்சு கெடக்கு. நாலு நாளா ஊத்துன மழை எங்கடி போச்சு?"

 மூடிய நடுக்கானில் தேங்கிச் சரிவின் மண்ணுக்குள்ளேயே இறங்கியிருக்கும் என்று நிஷாந்தினிக்குத் தெரியும். இலை அடைத்திருக்கும், செவ்வாய்க்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமைதான் ஸமீமின் லொறி வரும். லீக்ஸைப் பிடுங்கிவிட்டு, யாருக்கும் தெரியாமல் கானைத் திரும்ப வெட்டிவிடலாம். இரண்டு நாள்தானே. ஆனால் ஹப்புத்தளைப் பக்கம் வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது.

காற்று உள்ளே அடிக்கிறதென்று கொட்டகைக் கதவைச் சாத்தப்போன கோபிகா தோளால் முட்டிப் பார்த்தாள்.

"அம்மாயி, கதவு இறுகிக்கிச்சு. நேத்து நல்லாத்தான சாத்துனேன்."

கருப்பம்மாவின் ஊசி படங்கில் பாதியில் நின்றது. "அன்னிக்கு முந்துன நாளும் எங்க கதவு இப்பிடித்தான் இறுகுச்சு," என்றார். "மழைக்கு மரம் ஊதிருச்சுன்னு ஒங்க தாத்தா சொன்னாரு." எழுந்துபோய்க் கதவைக் கையால் தடவினார். "இது தகரம்டி. தகரம் எங்க ஊதுது?"

நிலம் நகர்ந்து கதவுச்சட்டத்தை நெருக்குகிறது என்று எல்லோருக்கும் விளங்கியது.

"நடுக்கான நாந்தாம்மா மூடுனேன்," என்றார் நிஷாந்தினி. "ஆவணியில. ரெண்டு பாத்திக்காக."

எட்டுப் பெண்களும் அவரைப் பார்த்தார்கள். அடி விழும் என்றுதான் நிஷாந்தினி நினைத்தார். விழுந்திருந்தால் தேவலை.

"பத்து வருஷமா என் பக்கத்துல படுத்து, நான் ராவுல பதறி எந்திரிக்கிறத பாத்தவ நீ," என்றார் கருப்பம்மா. "ஒனக்கே வெளங்கலன்னா நான் யாருகிட்ட போயி சொல்றது?" பிறகு, "அப்பறம் ஏசிக்கிறேன். மம்பட்டிய எடு."

கீழே இருந்த ஆறு வீட்டு லயத்து ஆட்களைக் கிளப்பிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக் கோபிகா ஓடினாள். பெண்களை மேட்டுக் கோயிலுக்குப் போகச் சொன்னார் கருப்பம்மா. ஐந்து பேர் போனார்கள். மூன்று பேர் படங்கை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். "கானு வெட்டு ஆம்பள வேலையாம்ல. கங்காணி வந்தா நமக்கு முழுப்பேரு போட்டு முழுநாள் சம்பளம் குடுப்பானான்னு கேளுங்கடி," என்றாள் ஆட்டைத் தைத்த அன்னலெட்சுமி. 

கானை ஓடைப் பக்கத்து வாயிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி வெட்ட வேண்டும். நடுவில் திறந்தால் தண்ணீர் வெட்டுகிறவர்கள் மேலேயே பாயும். ஒருத்தி மேலே நின்று மண் நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளில் சந்தைக்குப் போக வேண்டிய லீக்ஸை நிஷாந்தினி கை கையாகப் பிடுங்கி எறிந்தார். மூன்று முழம் மிச்சம் இருக்கையில் மழை பிடித்துக்கொண்டது. கடைசி மண் தானாகவே உடைந்து, செக்கச்செவேலென்று தண்ணீர் கானில் இறங்கியது. கருப்பம்மா அதில் கையை விட்டு ஏந்திப் பார்த்தார். தெளியட்டும் என்று காத்திருந்தார். தெளியவில்லை; உள்ளே மண் கரைந்துகொண்டே இருந்தது.

"வெளியேறுங்க. பக்கவாட்டுல," என்றார்.

கோயில் மேட்டுக்கு ஏறித் திரும்பிப் பார்த்தபோது மேல் பாத்தி ஒரு முழங்கால் ஆழம் தணிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் கரட் பாத்திகளோடு அப்படியே வழுக்கிக்கொண்டு வந்து, வெட்டிய கானில் பாதியை மூடி, கொட்டகையின் பின்சுவரைச் சாய்த்துவிட்டு நின்றது. அதற்கு மேல் நகரவில்லை. கான் திறக்காவிட்டால் லயம் வரைக்கும் வந்திருக்குமா என்று அவர்களுக்குத் தெரியாது. பார்க்க வந்த அதிகாரியும் அதைச் சொல்லவில்லை. கீழ்ப் பாதியில் யாரும் இருக்கக் கூடாது என்று கட்டை அடித்துவிட்டுப் போனார்.

இப்போது அவர்கள் மேல் ஓரத்தில் முக்கால் ஏக்கர் மட்டும் பயிரிடுகிறார்கள். மூன்று கானும் மறுபடி வெட்டப்பட்டுத் திறந்திருக்கின்றன. விடிந்ததும் நிஷாந்தினி மம்பட்டியோடு அவற்றைச் சுற்றி வந்த பிறகுதான் தேத்தண்ணி குடிக்கிறார். ஞாயிற்றுக்கிழமைத் தையல் கோயில் மண்டபத்துக்கு மாறிவிட்டது. கருப்பம்மா இன்னும் கதவைத் தைத்துப் பிரிக்கிறார். அப்பறம் ஏசிக்கிறேன் என்றவர் இதுவரை ஏசவில்லை. நிஷாந்தினி அதற்காகக் காத்திருக்கிறார்.