கடைமடையில் பத்து மணி வெள்ளம்

ஏழு மதகுகளின் சென்சார்கள் தனித்தனியே அனுப்பும் நீர்மட்ட அறிக்கைகளை ஒரே ஷீட்டில் சேர்க்க ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். கடைமடை மதகில் மட்டும் தினமும் பத்து மணிக்கு வெள்ளம் ஏறி, பன்னிரண்டுக்கு வடிந்தது. மூன்று நாள் ஸ்கிரிப்டைத் திட்டிவிட்டு, அந்த மதகு இருக்கும் திருத்துறைப்பூண்டிக்கு பஸ் ஏறினேன்.

வாய்க்கால் காய்ந்து வெடித்திருந்தது. மதகைப் பார்த்துக்கொள்ளும் மீசைக்காரர், பம்புசெட்டில் குளித்துத் துவட்டிய துண்டை, மேலிருந்து ஒலி அனுப்பி நீர்மட்டம் அளக்கும் சென்சாருக்கு நேர் கீழே கொடி கட்டிக் காயப்போட்டிருந்தார்.

“அண்ணே, துண்டு காயற ரெண்டு மணி நேரமும் சென்சார் அதைத் தண்ணின்னு காட்டுது. இங்க தண்ணி நிறைய இருக்குன்னு மேல மதகைத் திறக்க மாட்டேங்கிறாங்க,” என்றேன்.

“எடுத்துட்டா வந்துடுங்களா சார்?”

“வரும்.”

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து வாய்க்காலைப் பார்க்கத் தொடங்கினார்.

ஊர் திரும்பிவிட்டேன். இன்று பத்து மணிக்கு ஷீட்டில் மறுபடி வெள்ளம். தண்ணீரா, துண்டா? பன்னிரண்டு ஆகட்டும் என்று ஷீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.