கண்ணாடிக் குழாயில் வைத்த மஞ்சள் பொட்டு

நாகவல்லி எதையெல்லாம் ஜெயித்தாள் என்று கேட்டால், அவள் அக்கா முனியம்மா வரிசை தவறாமல் சொல்வாள். "பொம்பளப் புள்ளைக்கு பிசிக்ஸ் எதுக்கு, தையல் கிளாசுல சேத்துடு" என்று சொன்ன கல்லூரி குமாஸ்தாவிடமிருந்து பிடுங்கிய இடம். தமிழ் மீடியம் என்று சிரித்த வகுப்பிலேயே வாங்கிய முதல் வகுப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ராஜசேகரனின் கம்பெனியில் ஸ்டூலுக்குப் பதிலாக முதுகு உள்ள ஒரு நாற்காலி. அப்புறம், அந்தக் கம்பெனி செய்த கருவிக்கு இரண்டாவது கண்.

இவற்றில் ஒன்றையும் ராஜசேகரன் மனமுவந்து கொடுக்கவில்லை. அவர் மனமுவந்து கொடுத்தது ஒரே ஒரு பொட்டு. அதைத்தான் கடைசியில் அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ராஜசேகரனும் அவர்கள் ஊரான நெமிலிச்சேரிதான். அக்கா தங்கை இருவரின் அப்பா செங்கல்வராயன் ராஜசேகரன் வீட்டு வயலில்தான் சேறு மிதித்தார். வயலை விற்று எஸ்டேட்டில் ஷெட் பிடித்த ராஜசேகரன், சஃபாரி சட்டை தைத்துக்கொண்டு, பெயர்ப்பலகையில் 'சயின்டிஃபிக்' என்று எழுதிக்கொண்டார். அந்தச் சொல்லுக்கும் அவருக்கும் இருந்த உறவு அந்தப் பலகையோடு சரி. கூட இருந்தது அவர் மனைவியின் தம்பி, மேனேஜர் ஆனந்தன், பி.காம். சோதனை அறிக்கைகளில் கையெழுத்துப் போடுவது ஆனந்தனின் வேலை. அதையும் அவன் டீ வந்த பிறகுதான் செய்வான்.

முனியம்மா படித்தது எட்டாம் வகுப்பு. பக்கத்துத் தெருவில் ஏற்றுமதி துணி கம்பெனியில் செக்கிங். ஒரு காஜா கோணலாக இருந்தாலும் சட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவாள். தங்கை என்ன வேலை செய்கிறாள் என்பதையும் அப்படித்தான், சாயங்கால ரயிலில், தையல் தையலாகப் பிரித்துக் கேட்டாள்.

"வலிப்புக்கு மாத்திர சாப்புடறவங்க ரத்தத்துல மருந்து எவ்ளோ கீதுன்னு பாக்கற மிசினு, அக்கா. ஒரு சாயம் கலப்போம். நீல வெளிச்சம் பட்டா பச்சையா மின்னும். இப்போ ஒரு கொயந்த கொடி புடிச்சிகினு தனியா சுத்துதுன்னு வச்சிக்கோ. கொடி எந்தப் பக்கம் நிக்கும்?"

"எங்க நிக்கும்? பாக்கற நமக்கே தல சுத்தும்."

"அதே கொயந்தய எங்க ஓனரு மாதிரி ஒரு குண்டு ஆளு இடுப்புல இறுக்கிப் புடிச்சிகினா?"

"கொடி ஆடாது. கொயந்ததான் மூச்சு முட்டிப் பூடும்."

விஷயம் அவ்வளவுதான். சாயத்துணுக்கு தனியாகச் சுழன்றால் அதன் ஒளி திசை கலைந்து வரும், எண் இறங்கும். குண்டு ஆள், அதாவது கூடவே கலக்கும் எதிர்ப்புப் புரதம், பிடித்துக்கொண்டால் ஒளி ஒரே திசையில் நிற்கும், எண் ஏறும். ரத்தத்தில் மருந்து நிறைய இருந்தால் குண்டு ஆளின் கைகளை மருந்தே நிரப்பிவிடும், சாயம் தனியாகச் சுழலும். ஆக, மருந்து நிறைய என்றால் எண் குறைவு, மருந்தே இல்லை என்றால் எண் அதிகம்.

ஆனந்தன் இதை அளந்த அழகு தனி. ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். அவன் ஒரு திசை ஒளியை மட்டும் விடும் போலராய்டு தகட்டை நெட்டையாக வைத்து ஒரு தடவை பார்ப்பான், படுக்கையாகத் திருப்பி இன்னொரு தடவை பார்ப்பான். அதற்குள் முதலில் பார்த்தது ஓடிப்போயிருக்கும். தெருவில் முன்னால் போனவன் சட்டையையும் பின்னால் வந்தவன் வேட்டியையும் சேர்த்து ஒரே ஆள் என்று எழுதிக்கொள்ளும் புத்திசாலித்தனம் அது. குழாயின் இரண்டு பக்கமும் ஒளியை அளக்கும் கண் ஒவ்வொன்று வைத்து, நெட்டையையும் படுக்கையையும் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டும் என்று நாகவல்லி மன்றாடித்தான் இரண்டாவது கண் வந்தது. அது வந்த பிறகு எண்கள் ஒழுங்காயின. அறிக்கையில் கையெழுத்து மட்டும் ஆனந்தனுடையதாகவே இருந்தது.

தொண்ணூறாம் வருடம் ஆயுத பூஜைக்கு முனியம்மாவையும் கூப்பிட்டார்கள். ராஜசேகரன் பட்டு வேட்டியில் வந்தார். பக்கத்து ஷெட்டுகளுக்குப் பொரியும் சுண்டலும் கொடுத்துவிட்டு வரச்சொல்லி நாகவல்லியை வெளியே அனுப்பினார். கருவியை அறிந்த ஒரே ஆள் வெளியே போய்விட்டதால் பூஜை தடையில்லாமல் நடந்தது. முனியம்மா வாசலில் நின்று பார்த்தாள். அவள் கம்பெனியில் பூஜைக்கு முன்னால் துணிக்கட்டு எல்லாவற்றையும் பாலிதீன் போட்டு மூடிவிடுவார்கள், மஞ்சள் கறை போகாது என்று. இங்கே தலைகீழ். ராஜசேகரன் கருவியின் மூடியையே திறந்து, "உயிர் இங்கதான கீது" என்று விரலை உள்ளே விட்டு ஒரு பொட்டு வைத்தார். ஆனந்தன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

விடுமுறை முடிந்து வேலை ஆரம்பித்ததும் எண்கள் ஏறி நின்றன. எந்த மாதிரியை ஓட்டினாலும் உச்சத்தில்தான். ராஜசேகரனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"பாத்தியா மச்சான், பூஜ பலன். மிசின் பவர் ஏறிக்கிச்சி."

எண் ஏறினால் மருந்து இல்லை என்று பொருள். டாக்டர் அதை நம்பினால் மாத்திரையைக் கூட்டுவார். ஏற்கனவே மருந்து நிறைந்த உடம்பு என்ன ஆகும் என்று ராஜசேகரன் யோசிக்கவில்லை. யோசிக்கிற இடத்தில் அவருக்கு எதுவும் இல்லை.

அதே வாரம் கருவியை வாங்கவிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் கஸ்தூரி போன் செய்தார். நேரில் வருவேன், யார் அளந்தார்களோ அவர்களே என் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், மேனேஜர் கையெழுத்து வேண்டாம் என்றார். ராஜசேகரன் நாகவல்லியைக் கூப்பிட்டார்.

"இந்தா பொண்ணு, அந்தம்மா வந்தா ஒரு கையெழுத்து போட்டுடு."

"மிசின் சரியில்ல சார். வெறும் தண்ணி வுட்டாலும் அதே நம்பர் வருது. தண்ணி எங்கியாச்சும் மின்னுமா?"

"உங்கப்பன் எங்க ஊட்டுல கைநாட்டு வச்சப்போ இவ்ளோ கேள்வி கேட்டதில்ல. போடலன்னா வேற வேல பாத்துக்கோ."

ஆனந்தன் யோசனை சொன்னான். "மாமா, வோணும்னா இவ பேர நானே போட்டுக் காட்டறேன். எனக்கு எல்லா கையெழுத்தும் வரும்." அவன் பி.காம். படித்து முடித்ததன் ரகசியம் அன்றைக்கு வெளியாயிற்று.

அன்று ரயில் ஆவடி தாண்டியதும் நாகவல்லி சொன்னாள். "வேல பூடும்க்கா. ஆனா போட மாட்டேன். தண்ணியில்லாம வெறும் குழாயே மின்னுது. ஓடற எதுவும் அப்பிடி நிக்காது. எதுவோ ஒட்டிகினு கீது. வெளிய பூசுன மஞ்சள எல்லாம் நான்தான் தொடச்சேன்."

"உள்ள வச்சத தொடச்சியா?"

"உள்ள யாரு வச்சது?"

"உங்க குண்டு ஆளுதான். மூடியத் தொறந்து."

நாகவல்லி நெமிலிச்சேரி வரும் வரைக்கும் சிரித்தாள். நீல வெளிச்சம் பட்டால் மஞ்சளும் பச்சையாக மின்னும். காய்ந்து கண்ணாடியில் ஒட்டிய மஞ்சள் எங்கே சுழலப்போகிறது? கொடி பிடித்த குழந்தையைச் சுவரில் வைத்துப் பூசின மாதிரி.

மறுநாள் அறை விளக்கை அணைத்துவிட்டு, மூடியைத் திறந்து, கருவியின் நீல வெளிச்சத்தில் பொட்டு பச்சையாக மின்னுவதைக் காட்டினாள். ராஜசேகரன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாமி வெளிச்சம் குடுக்குது. தொட்ட, தொலச்சிடுவேன். பூஜ பொட்ட அழிச்சா கம்பெனி வெளங்காது."

சொல்லிப் புரியவைக்கக்கூடிய ஆள் இல்லை என்று நாகவல்லிக்குத் தெரிந்துவிட்டது. அவள் பொட்டை அழிக்கவில்லை. குழாயை முழுதாகக் கழற்றினாள். பொட்டு துளியும் கலையாமல் ஒரு தாம்பாளத்தில் வைத்து அவர் மேசைக்குக் கொண்டுபோனாள்.

"அழிக்கல சார். உயிரு இதுலதான கீது? மிசினுக்குள்ள கெடந்தா யாரு வெளக்கேத்தறது? சாமி ரூமுல வச்சிக்கோங்க."

ராஜசேகரன் தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "அட, இத நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார்.

அன்று முதல் சாமி படங்களுக்கு நடுவே அந்தக் குழாய்க்கும் பூ வைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். ஆனந்தன் தினமும் அதன் முன்னால் கண்மூடி நின்றான். அந்தக் கம்பெனியில் அவன் ஒழுங்காகச் செய்த வேலை அதுதான். நாகவல்லி புதுக் குழாயைப் பொருத்தி, இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்கும்படி திருகித் திருகிச் சரிசெய்தாள்.

டாக்டர் கஸ்தூரி, மருந்தின் அளவை வெளியே எழுதாத சில மாதிரிகளைக் கையோடு கொண்டுவந்தார். நாகவல்லி ஒவ்வொன்றாக ஓட்டினாள். சில எண்கள் இறங்கின, சில ஏறின. டாக்டர் தன் பையிலிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, "அளந்தது யாரும்மா?" என்று கேட்டார்.

ராஜசேகரன் தொண்டையைச் செருமினார். ஆனந்தன் பேனா மூடியைத் திறந்தே வைத்திருந்தான். நாகவல்லி அந்தப் பேனாவை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

பரீட்சை ஹால் டிக்கெட்டில் போட்டதையெல்லாம் முனியம்மா கணக்கில் எடுப்பதில்லை. செ. நாகவல்லி என்று, தான் செய்த வேலைக்குக் கீழே, அவள் முதன்முதலில் கையெழுத்துப் போட்டது 1990 அக்டோபர் 11, வியாழக்கிழமை.