மொஹிங்காவுக்குப் பக்கத்தில் ஷாப்லி

எங்கள் உணவகத்தில் பிரெஞ்சு ஒயின் விருந்து வைத்த அன்றே என் வேலை போயிருக்கும். ஒயின் பரிமாறும் வேலையில் அப்போது நான் புரொபேஷனில் இருந்தேன். மகளுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. கணவரின் கம்பெனி மூடிக் கிடந்ததால் வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான்.

மேலாளர் கோ மோகனை எல்லோரும் சயா, அதாவது ஆசான், என்றே அழைப்போம். பர்மாவில் கோ, மா, ஊ எல்லாம் பெயருக்கு முன் போடும் மரியாதைச் சொற்கள். ஒயினைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒரே விதி: வெள்ளை ஒயினுக்கு மீன். மொஹிங்கா மீன் குழம்பில் போட்ட நூடுல்ஸ்தானே? ஆகவே மொஹிங்காவுடன் ஷாப்லி என்ற வெள்ளை ஒயின். இதைக் கண்டுபிடித்த நாள் முழுக்க அவர் கால் தரையில் படவில்லை.

ஷாப்லி எந்தக் கம்பெனி என்று என்னிடம் கேட்டார். கம்பெனி இல்லை, ஊர் என்றேன். பிரான்சில் பர்கண்டி பகுதியின் வடகோடி. குளிரில் திராட்சை சிரமப்பட்டுத்தான் பழுக்கும். மண்ணில் பழங்காலச் சிப்பிகள் சுண்ணாம்போடு கிடக்கும். ஷார்டனே திராட்சைதான், ஆனால் பெரும்பாலும் ஓக் மரப் பீப்பாயின் வாசனை ஏற விடமாட்டார்கள். இனிப்பே இருக்காது. மிளகாயும் மீன் சாஸும் சேர்ந்தால் புளிப்பும் கசப்பும்தான் மிஞ்சும் என்று எச்சரித்தேன்.

"மீன்னா மீன்தான், மா லதா. ரொம்பப் படிச்சா இப்படித்தான் கொழப்பம் வரும்."

அவர் சொல்வதுதான் சரியோ என்றுகூட யோசித்தேன். பால் கொடுக்கிறவள் என்பதால் நான் ருசி பார்த்துத் துப்பிவிடுவேன். துப்புகிறவளுக்கு முழுதாகப் புரியுமா என்ற சந்தேகம் வேறு.

விருந்தில் முதல் மேசை பபேடான் பேட்டை நகைக்கடைக்காரர் ஊ ராமுவுக்கு. லேபிளை வெளிச்சத்தில் பிடித்தார், கிளாஸைச் சுழற்றினார், கண்ணை மூடி மோந்தார். பிறகு ஒரு கரண்டி மொஹிங்கா, ஒரு மடக்கு ஒயின். முகம் கோணியது. அவர் ஐஸ் கேட்டதும் மற்ற மேசைகளுக்கும் தைரியம் வந்தது. ஒருவர் ஒயினில் ஆரஞ்சு ஜூஸையே ஊற்றிக்கொண்டார்.

"என்னம்மா இது, எலுமிச்சம்பழத்தக் கல்லுல தேச்ச மாதிரி இருக்கு. கெட்டுப்போச்சா?"

ஷாப்லியை அத்தனை சரியாக வர்ணித்தது தமக்கே தெரியாமல் ஊ ராமு கேட்டார். சயா முந்திக்கொண்டார்.

"மா லதாதான் செலக்ட் பண்ணாங்க, சார். கோர்ஸெல்லாம் படிச்சவங்க."

பழியை ஏற்றால் வேலை நிரந்தரமாகாது. மறுத்தால் அன்றே வேலை போகலாம். ஊ ராமு பக்கம் திரும்பினேன்.

"ஒயின் கெடலங்க ஐயா, அதோட கொணமே அதுதான். மொஹிங்காவோட வேணாம்னு சயாகிட்ட சொன்னேன். தண்ணி குடிச்சிட்டு, அந்தச் சுரைக்கா பஜ்ஜியக் கடிச்சுக் குடிச்சுப் பாருங்க."

மொஹிங்காவுக்குத் துணையாக வைத்த பஜ்ஜி அது. உப்பும் எண்ணெயும் மொறுமொறுப்பும் சேர, அதே ஒயின் வாயைக் கழுவிவிட்டது. இன்னொரு பஜ்ஜியை எடுத்தபடி ஊ ராமு அது எந்த ஊர் ஒயின் என்று கேட்டார்.

அடுத்த மாத மெனுவில் 'சயா ஸ்பெஷல்: சுரைக்காய் பஜ்ஜி, ஷாப்லி' வந்தது. என் வேலையும் நிரந்தரமானது. சயாவின் நியாய உணர்ச்சியால் அல்ல. ஊ ராமு மேசை பதியும்போதெல்லாம் என்னைக் கேட்டதால்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நாலு பேர் முன்னால் உங்கள் தலையில் பழி போட்டால் அந்த நாலு பேர் முன்னாலேயே மறுத்துவிடுங்கள். தனியறையில் பேசிக்கொள்ளலாம் என்று போனால், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பார்கள். நான் மரியாதையாகச் சொன்னேனா என்று இன்றும் யோசிக்கிறேன். சொன்னது சரியா என்று யோசிப்பதில்லை.