குடைக்கம்பியில் ஓர் உளி

என் அக்கா ரமாபாய்க்கு உட்காரும் இடம்தான் எப்போதும் சண்டை. எட்டாம் வகுப்பில் காரணம் சொல்லாமல் கடைசி பெஞ்சுக்கு மாற்றினார்கள் என்று மூன்று நாள் நின்றுகொண்டே பாடம் கேட்டவள் அவள். அப்படிப்பட்டவள் தண்டையார்பேட்டைத் தோல்பைப் பட்டறையில் ஆறு வருடம் தரையில் உட்கார்ந்து பசை தடவினாள். பத்தாவதோடு நின்றுவிட்ட நானும் அங்கேதான் பசை தடவினேன். பட்டறையில் மேசைகள் மூன்று. மூன்றிலும் ஆண்கள்.

மேசை வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். தடித்த தோலை அப்படியே மடித்தால் மடிப்பு நேராக விழாது, புடைத்துக்கொள்ளும். அதனால் மடிக்கும் இடத்தில், உள்பக்கமாக, தோலின் பாதிக் கனத்துக்கு ஒரு மெல்லிய பள்ளம் வெட்ட வேண்டும். ஆழம் குறைந்தால் மடியாது. கூடினால் பிய்ந்துவிடும். இதற்கென்றே ஓர் உளி உண்டு. அவரவர் உளியை அவரவர்தான் கொண்டுவருவார்கள். வேலையை விட்டால் அதையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

2003 ஐப்பசியில் ஒரு மேசை காலியானது. அக்கா மேஸ்திரி எத்திராஜிடம் போய்க் கேட்டாள்.

“உங்கிட்ட உளி கீதாம்மே?” என்றார் அவர். “உளி கீறவங்களுக்குத்தான் மேசை. அதான் பட்டறை சட்டம்.”

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். திங்கட்கிழமை மேஸ்திரியின் மச்சான் தீபன் அந்த மேசைக்கு வரப்போகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். தோல் கடைகள் இருக்கும் பெரியமேட்டில் உளி விசாரித்தோம். சொல்லிவைத்தால் இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். அக்காவிடம் இருந்தது நான்கு நாள்.

முதலில் பிளேடால் இரண்டு கோடு கிழித்து, நடுவில் இருப்பதைச் சுரண்டிப் பார்த்தாள். ஒரு கோடு ஆழமாக விழுந்துவிட்டது. மடித்ததும் அந்தக் கோட்டிலேயே தோல் பிய்ந்தது. அன்று நல்ல மழை. அப்பா பீம்ராவ் வேலையிலிருந்து வந்து குடையை உதறி மூலையில் சாய்த்தார். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடைக்கம்பியைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? அது உருண்டையாக இருக்காது. ஒரு பக்கம் திறந்த வாய்க்கால் மாதிரி இருக்கும். நுனியைச் சாய்வாகத் தீட்டினால் பள்ளம் தோண்டும் வாய் கிடைத்துவிடும். மீன் விற்கும் செல்லக்கனியிடம் கத்தி தீட்டும் கல்லை வாங்கிவந்து அக்கா இரண்டு மாலை தீட்டினாள். கைப்பிடிக்குச் சைக்கிள் டியூபைச் சுற்றினாள்.

“மழைக்கு நான் இன்னா பண்றது?” என்றார் அப்பா, ஒரு பக்கம் தொங்கிப்போன குடையைப் பிடித்துக்கொண்டு.

“நனைஞ்சிகினு போ நைனா. ஒரு மாசம்தான்.”

கழிவுத் தோலில் வெட்டிப் பழகினாள். ஒரே தள்ளில் ஆழம் தேடக் கூடாது, ஸ்கேலை ஒட்டி மூன்று தடவை லேசாகத் தள்ள வேண்டும் என்பது ஞாயிறு மத்தியானம்தான் பிடிபட்டது.

திங்கள் காலை நேராகப் போய்க் காலி மேசையில் உட்கார்ந்தாள்.

“எழுந்திரும்மே,” என்றார் மேஸ்திரி.

“உளி கீது மேஸ்திரி.”

அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “இது குடைக்கம்பி.”

“வெட்டுனா உளி.”

பையின் முன்பக்கத்துக்கு வைத்திருந்த நல்ல தோலை எடுத்து அவள் முன்னால் வீசினார். “இது வீணாச்சுன்னா நீயும் கிளம்பு.”

அக்கா ஸ்கேலை வைத்தாள். மூன்று தள்ளு. நூல் மாதிரி தோல் சுருண்டு வந்தது. மேஸ்திரி மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிய்யவில்லை. அந்த நேரத்தில் தீபன் வந்து நின்றான். அவன் கையில் டிபன் கேரியர் மட்டும் இருந்தது.

“கொஞ்ச நாளு உன் உளிய இவங்கிட்ட குடு,” என்றார் மேஸ்திரி. “நீ கீழ குந்து.”

அக்கா அசையவில்லை. “உளி கீறவங்களுக்குத்தான் மேசைன்னு நீதான மேஸ்திரி சொன்ன?”

“அவனுக்கு ஏதும்மே உளி?”

“ஏன், அவங்க வூட்ல குடை இல்லியா?”

பக்கத்து மேசைக்காரர்கள் மறுபடி சிரித்தார்கள். இந்தத் தடவை அக்காவைப் பார்த்து அல்ல. தீபனும் சிரித்துவிட்டான். மேஸ்திரி அடுத்த தோலையும் அவள் மேசையில்தான் போட்டார். வீசித்தான் போட்டார். அக்கா அதை நேராக்கி வைத்துக்கொண்டு ஸ்கேலை எடுத்தாள்.